கூலிக்கு எழுதிய வசனம்: சேலம் கதை இலாகாவும் மு. கருணாநிதியும்

1

தமிழ்ச் சினிமா வசனம் என்று பேச்செடுத்தால் நம்மிடையே இரண்டே கட்சிதான். ஒரு கட்சிக்கு அது அடுக்குமொழி, அலங்காரக் கூச்சல். கண்ணுக்கான கலையைக் காதுக்கான கலையாக்கிக் கெடுத்தவர்கள் வசனகர்த்தாக்கள் என்பது இவர்கள் வாதம். இன்னொரு கட்சிக்கு அது தமிழ் மீண்டெழுந்த கதை. சிறுபத்திரிகைக்காரர்களில் பலர் முதல் கட்சி. மேடைக்காரர்கள் இரண்டாவது கட்சி. இரண்டு பேரும் பிரதியில் தொடங்கிப் பிரதியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அந்த வசனம் எங்கே உட்கார்ந்து எழுதப்பட்டது, யாருடைய கட்டடத்தில், யார் கொடுத்த சம்பளத்தில் என்று கேட்பதில்லை. அது யார் வாயில் போய்ச் சேர்ந்தது, சேர்ந்த இடத்தில் என்ன செய்தது என்றும் கேட்பதில்லை.

ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைவிட, அந்த உறவுகளுக்குள் அது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள் என்றார் வால்டர் பெஞ்சமின், 1934இல். அந்தக் கேள்வியை மு. கருணாநிதி என்ற வசனகர்த்தாவிடம் வைத்துப் பார்க்கலாம். 1947இல் வந்த 'ராஜகுமாரி'யிலிருந்து 2011இல் வந்த 'பொன்னர் சங்கர்' வரை அறுபத்து நான்கு ஆண்டுகள், ஏறத்தாழ 75 படங்கள். அரசியல்வாதியைப் பற்றி எழுதிக் குவித்தாயிற்று. எழுத்துத் தொழிலாளியைப் பற்றி எழுதியது குறைவு. சேலத்துக்காரனாகிய எனக்கு அந்தத் தொழிலாளிதான் முக்கியம். காரணம் கடைசியில் விளங்கும்.

2

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் ஒரு நுழைவாயில் வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயருக்கு மிச்சம் அதுதான். உள்ளே இப்போது குடியிருப்பு. 1935இல் அங்கே ஸ்டூடியோ தொடங்கியவர் டி. ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டுப் பூர்வீகம், நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். நூல் தெரிந்த மனுஷன் படம் எடுக்க வந்தார் என்பதை ஏதோ சுவாரசியமான தகவலாக மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. பம்பாயிலும் சென்னையிலும் படம் எடுத்தவர்கள் கம்பெனி நாடகத்தைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். சுந்தரம் ஆலையைப் பார்த்து ஸ்டூடியோ கட்டினார் என்று எனக்குப் படுகிறது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். நடிகர், தொழில்நுட்பக்காரர், பாட்டெழுதுகிறவர், கதை எழுதுகிறவர் எல்லாரும் மாதச் சம்பளம். நேரம் தவறக் கூடாது. எல்லாருக்கும் அவர் 'முதலாளி'.

1937இல் 'சதி அகல்யா'வில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளியே போயின. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' அந்தக் கம்பெனியின் படம். 1940இல் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் 'உத்தமபுத்திரன்', 1942இல் 'மனோன்மணி', 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. நாளைக்கு என்ன எடுப்பது என்ற கவலைக்கு அங்கே ஒரு இலாகாவே இருந்தது. கதை இலாகா! இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ரெவின்யூ இலாகா மாதிரி, போலீஸ் இலாகா மாதிரி ஒரு இலாகா. கற்பனைக்கு மஸ்டர் ரோல் போட்ட இடம்.

நாற்பதுகளின் முடிவில் கருணாநிதி இங்கே வந்து சேர்கிறார். 'மந்திரிகுமாரி' அவர் எழுதிய மேடை நாடகம். மாடர்ன் தியேட்டர்ஸில் பாட்டெழுதிக் கொண்டிருந்த கா. மு. ஷெரீப், முதலாளியிடம் அவரைப் பற்றிச் சொல்கிறார். மாதச் சம்பளத்தில் வேலை. சேலத்திலேயே வாடகை வீடு. 1949இல்தான் தி.மு.க. பிறந்திருக்கிறது. இவர் அதன் இளம் பேச்சாளர். மாலையில் கூட்டம், பகலில் கதை இலாகா.

படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவர் பாதியில் ஊருக்குக் கிளம்ப, மீதியை முடித்தவர் சுந்தரம். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் வசனத்துக்காகவே இன்றுவரை பேசப்படுகிற படத்தைப் பெருமளவு இயக்கியவருக்குத் தமிழ் தெரியாது! இது வேடிக்கை இல்லை. ஆலையில் பாவு ஓட்டுகிறவன் வேறு, தார் சுற்றுகிறவன் வேறு, நெய்கிறவன் வேறு. அதுபோல இங்கே காட்சி ஒரு பிரிவு, பேச்சு வேறொரு பிரிவு. வசனம் படத்தைவிட்டுத் தனியாகக் கழன்று வந்து புத்தகமாகவும் இசைத்தட்டாகவும் ஒலிச்சித்திரமாகவும் விற்க முடிந்ததற்குக் காரணம் இலக்கிய ரசனை மட்டுமில்லை. அது தயாரான விதத்திலேயே தனி உறுப்பாகத்தான் தயாரானது. 'சினிமா காட்சிக் கலையாகவில்லையே' என்று புலம்புகிறவர்கள் வசனகர்த்தாவைத் திட்டுவதை விட்டுவிட்டு ஸ்டூடியோவின் வேலைப் பிரிவினையைப் பார்க்க வேண்டும்.

3

அடுத்தது பெயர்.

1947இல் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் எடுத்த 'ராஜகுமாரி', எம். ஜி. ஆர். முதன்முதலில் கதாநாயகனாக வந்த படம். வசனத்துக்கு உழைத்த கருணாநிதி டைட்டிலில் உதவியாளர். வசனத்தின் பெயர் இயக்குநர் ஏ. எஸ். ஏ. சாமிக்கு. அடுத்த ஆண்டு 'அபிமன்யு'வில் அந்த உதவியாளர் பெயர்கூட இல்லை. 1950இல் 'மந்திரிகுமாரி'யில் கதை வசனம் அவருடையது என்று பெரிதாக வருகிறது. 1952இல் 'பராசக்தி' வரும்போது அந்தப் பெயருக்காகவே டிக்கெட் வாங்குகிற கூட்டம் உண்டாகிவிட்டது. உதவியாளர், காணாமல் போனவர், முழுப் பெயர், கொட்டை எழுத்து. ஐந்தே ஆண்டுகளில் இந்தப் பயணம்.

'ஆசிரியன்' என்பவன் எழுதுகிற ஆளல்ல, ஒரு வகைப் பேச்சைச் சமூகத்தில் உலவ விடுகிற ஏற்பாடு என்று மிஷேல் ஃபூக்கோ 1969இல் சொன்னார். அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே சேலத்தில் அந்த ஏற்பாடு நடந்து முடிந்திருக்கிறது. முதலாளிக்கு அந்தப் பெயர் வியாபாரம். கட்சிக்கு அது கூட்டம். எழுதியவருக்கு அது கூலியிலிருந்து தப்பிக்கிற வழி. மூவருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டதால்தான் 'வசனகர்த்தா' என்ற ஆசிரியன் பிறந்தான்.

நல்ல தமிழில் வசனம் எழுதியவர் இவர்தான் முதல் ஆள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1937இல் சேலம் சங்கர் பிலிம்ஸ் எடுத்த 'அம்பிகாபதி'க்கும், 1942இல் வந்த 'கண்ணகி'க்கும் மணிக்கொடி காலத்து இளங்கோவன் எழுதிவிட்டார். 1949இல் அண்ணாதுரையின் 'நல்லதம்பி'யும் 'வேலைக்காரி'யும் வந்துவிட்டன. அதே மாடர்ன் தியேட்டர்ஸில் பாரதிதாசன் 'பொன்முடி'க்கும் (1950) 'வளையாபதி'க்கும் (1952) எழுதினார். ஏ. வி. பி. ஆசைத்தம்பி 'சர்வாதிகாரி'க்கு (1951), கண்ணதாசன் 'இல்லற ஜோதி'க்கு (1954). ஒரே வளாகத்தில் இத்தனை பேனா. ஐம்பெருங்காப்பியத்தில் முழுசாகக் கிடைக்காமல் போனவை இரண்டு. இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டின் பேரிலும் சேலத்தில் படம் எடுத்தாயிற்று. 'மந்திரிகுமாரி' குண்டலகேசிக் கதை, 'வளையாபதி' பெயரே சொல்லும். எம்.ஏ. வகுப்பில் நாங்கள் 'கிடைக்காத நூல்கள்' என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்ததை, கதை இலாகா ரீலாகச் சுருட்டி வைத்திருந்தது.

இவர்களோடு பேர் தெரியாத எத்தனையோ கைகள் வேலை செய்திருக்கும். பிரதி எடுத்தவன், நடிகருக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவன், ஒரு காட்சியைத் திருத்திக் கொடுத்துவிட்டு ஒண்ணாம் தேதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு போனவன். ஒருவன் ஆசிரியனாக எழும்புவதற்கு மற்றவர்கள் இலாகாவாகவே இருக்க வேண்டியிருந்தது.

4

இனி அந்த வசனம் போய்ச் சேர்ந்த இடம்.

எங்க தாத்தா ராசிபுரத்துக்குப் பக்கத்தில் குழித்தறி நெய்தவர். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. 'பராசக்தி' கோர்ட் வசனமும் 'மனோகரா' தர்பார் வசனமும் அவருக்கு முழுசாகத் தெரியும். படித்துத் தெரிந்ததில்லை. யாரோ வசனப் புத்தகத்தை வாசிக்க, நாடா ஓடுகிற தாளத்தில் காதால் பிடித்தது. எங்க பாட்டியிடம் உப்புப் பத்தலை என்று சொல்கிறபோது ஒரு தமிழ். நூல் தகராறில் முதலாளி வீட்டு வாசலில் நாலு பேரோடு போய் நின்றபோது வேறொரு தமிழ். அந்த இரண்டாவது தமிழ் அவருக்குச் சினிமா கொடுத்தது. பாட்டி சிரிப்பாள். 'வசனம் பேசறாரு பாரு' என்பாள். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை என்றுதான் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை வெறும் ஏக்கக் கதையாக நான் சொல்லவில்லை. சேலத்து நெசவுக்காரர்களைப் பாருங்கள். தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற தேவாங்கர்கள் உண்டு. சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்கள் உண்டு. தெற்கே திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் போனால் கொங்குப் பேச்சு. ஒருவன் வாயைத் திறந்தால் இரண்டாவது வார்த்தையில் அவன் சாதி தெரிந்துவிடும். முப்பதுகளின் படங்களில் பிராமணப் பேச்சும் வடமொழி கலந்த நடையும்தான் மரியாதையான பேச்சு. அதைப் பேச இவர்களால் முடியாது. பேசினாலும் நாடகத்துக் கோமாளி போலிருக்கும். ஐம்பதுகளின் வசனத் தமிழ் யாருடைய வீட்டுப் பேச்சும் இல்லை. அதனாலேயே அது எல்லாருக்கும் சம தூரத்தில் இருந்தது. மனப்பாடம் பண்ணுகிறவன் எவனும் அதற்குச் சொந்தக்காரன். அந்தத் தமிழில் பேசினால் சாதி கண்டுபிடிக்க முடியாது. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலத்தில்தான். கூட்டத்துக்கு ஒரு பெயரை அந்த மாநாடு கொடுத்தது என்றால், அந்தக் கூட்டம் வாய்திறந்து பேசுவதற்கு ஒரு பேச்சை ஆறே வருஷத்தில் ஏற்காட்டுச் சாலை கொடுத்தது.

கருணாநிதி வசனத்தின் தனி வடிவம் என்ன என்று கேட்டால், எதுகை மோனை என்பது பாதி பதில்தான். மீதி, விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவன் நீதிபதியை விசாரிக்கிறான். சங்கிலியில் நிற்கிற மகன் அரசனான தகப்பனை விசாரிக்கிறான். 'பூம்புகார்' (1964) கண்ணகியும் அரசவையில் நின்றுதான் கேட்கிறாள். தாலுகா ஆபீசிலும் கச்சேரியிலும் வாய் கட்டி நின்ற ஜனத்துக்கு, கூண்டில் நிற்கிறவன் பத்து நிமிஷம் குறுக்கீடு இல்லாமல் பேசுவதைக் காட்டியது பெரிய விஷயம். சும்மா சொல்லக் கூடாது. இதைக் 'கூச்சல்' என்று ஒதுக்குகிற அழகியலாளர், மௌனமாக இருக்க வசதி உள்ளவர்.

இந்தத் தமிழ் கட்சி வேலியையும் தாண்டியது. 1954இல் வந்த 'மலைக்கள்ளன்', நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல். அவர் பச்சைக் காந்தியவாதி. கோவை பட்சிராஜாவில் அதற்கு வசனம் எழுதியவர் தி.மு.க.வின் கருணாநிதி. நாயகன் எம். ஜி. ஆர். தமிழில் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று அந்தக் கதை பயணம் போனது. முந்தின ஆண்டு, 1953இல், கல்லக்குடிப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர் இவர். சிறைக்கு அனுப்பிய அரசும் பதக்கம் கொடுத்த அரசும் ஒரே கட்சியுடையவை.

5

இந்தப் பேச்சு சும்மா கிடைக்கவில்லை. அதற்கு ஒரு விலை இருந்தது.

முதல் விலை நம் பேச்சு. சேலத்தில் உட்கார்ந்து எழுதிய வசனத்தில் சேலத்துப் பேச்சு கிடையாது. ஒரு 'ஏனுங்க' கிடையாது. ஊர்ப்பேச்சு வந்தால் அது சிரிப்பு நடிகர் வாயில் வரும். சாதியை மறைக்கிற பேச்சைக் கொடுத்தவர்கள், உள்ளூர்ப் பேச்சு மறைக்க வேண்டிய ஒன்று என்றும் கூடவே சொல்லிக் கொடுத்தார்கள். தாத்தாவின் இரண்டு தமிழில் ஒன்று மேடைக்கு, ஒன்று அடுப்படிக்கு என்று ஆனது. அடுப்படித் தமிழ் பெண்களுடையது என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

இரண்டாவது, யாருக்குப் பேச்சுக் கிடைத்தது என்பது. மனோகரன் இளவரசன். 'மந்திரிகுமாரி'யின் நாயகன் தளபதி. 'பராசக்தி' குணசேகரன் ரங்கூனில் வளர்ந்த வசதியான வீட்டுப் பிள்ளை. தெருவுக்கு வந்தவன், தெருவில் பிறந்தவன் இல்லை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவன் தன் கோபத்தைப் பேச ஒரு இளவரசனைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. தலித் பாத்திரம் ஒன்று அதே கூண்டில் ஏறி அதே பத்து நிமிஷம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அந்தப் பிரதிகள் எழுப்ப விடுவதில்லை.

மூன்றாவது, பெண். குண்டலகேசிக் கதையில், தன்னைத் தள்ளிக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன கணவனை அவள் முந்திக்கொண்டு தள்ளுகிறாள். அவள் கதை அங்கே முடியவில்லை. துறவியாகி, ஊர் ஊராக நாவற்கிளையை நட்டு, வாதம் செய்ய வா என்று அறிஞர்களைக் கூப்பிடுகிறாள். தமிழில் நமக்குக் கிடைத்த பெரிய வாதக்காரிகளில் ஒருத்தி. ராஜகுருவின் மகனையே கொள்ளைக்காரனாக்கி, கட்டிய மனைவி கையாலேயே அவனைத் தள்ளவைத்த துணிச்சல் 1950இல் பெரிசு. ஆனால் படம் எடுத்துக்கொண்டது மலையுச்சியை, நாவற்கிளையை விட்டுவிட்டது. 'மனோகரா'வில் கண்ணாம்பா, 'பூம்புகார்' கண்ணகி என்று பெண்கள் வசனத்தால் தீ மூட்டியதுண்டு. தாயாக, பத்தினியாக நின்றால்தான் அந்தத் தீ. வெறும் அறிவால் வாதாடுகிற பெண்ணுக்குக் கதை இலாகாவில் பதவி இல்லை.

6

1957இல் கருணாநிதி குளித்தலையிலிருந்து சட்டமன்றம் போனார். 1969இல் முதலமைச்சர். எழுத்தை நிறுத்தவில்லை. எண்பதுகளில் 'பாலைவன ரோஜாக்கள்', 'நீதிக்குத் தண்டனை', 'பாசப்பறவைகள்'; பிறகு 'உளியின் ஓசை' (2008). ஆனால் விசாரணை வடிவத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பேசுகிறவன் கூண்டில் நிற்க வேண்டும். எழுதுகிறவர் சிம்மாசனத்தில் இருக்கும்போது கூண்டு காலி. எதிர்க்கட்சியாக இருந்தபோது எழுதிய 'நீதிக்குத் தண்டனை' (1987) ஓடியதையும், ஆட்சியில் இருந்தபோது வந்தவை அந்த அளவுக்கு எடுபடாததையும் வெறும் ரசிகர் மனமாற்றமாக நான் படிக்கவில்லை.

எண்ணிக்கை கணக்கென்றால் ஆரூர்தாஸ் இவரை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டார். 1961இல் 'பாசமலர்' எழுதியவர். டப்பிங் படங்களையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தொடுகிற கணக்கு. கடைசிவரை எழுத்துத் தொழிலாளியாகவே இருந்தார். 2022இல் அவர் இறக்கிற ஆண்டில் அரசு அவருக்கு ஒரு விருது கொடுத்தது. விருதின் பெயர் கலைஞர் பெயர். ஒரே தொழிலில் இருந்த இருவரில் ஒருவர் விருதானார், ஒருவர் விருது வாங்கினார்.

கடைசிப் படங்களில் ஒன்று 'பொன்னர் சங்கர்'. கருணாநிதி எழுதிய நாவல். 2011இல் திரைக்கு வந்தது. அது எங்கள் பக்கத்து அண்ணன்மார் கதை. கொங்குப் பேச்சில் உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுகிற கதை. 1965இல் காங்கேயம் பக்கம் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் ஒலிநாடாவில் பதிந்துகொண்ட கதை. அந்தக் கதை எங்கள் பேச்சை உதறிவிட்டு, வசனத் தமிழில் ராஜா உடுப்புடன் திரும்பி வந்தது. 1950இல் சாதியை மறைத்துக்கொண்டு பேச உதவிய தமிழ், 2011இல் ஒரு வட்டாரத்தின் சாதிப் பெருமிதம் தன்னுடையது என்று கொண்டாடுகிற வீரக்கதைக்கு அலங்காரமானது. அதே எதுகை மோனை, அதே கம்பீரம். விசாரணை மட்டும் இல்லை.

டி. ஆர். சுந்தரம் 1963இல் இறந்தார். எண்பதுகளின் தொடக்கத்தோடு ஸ்டூடியோவும் ஓய்ந்தது. கருணாநிதி 2018இல் போய்விட்டார். குழித்தறி போய் விசைத்தறி வந்து, அதன் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்பதில்லை. வசனம் சொல்லிக்கொண்டு நெய்ய இனி வழியில்லை. பள்ளிபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் தறிக்கூடத்தில் இப்போது நிற்கிறவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். நூல் தகராறு, முன்பணத் தகராறு எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டிய நாளும் வரும்.

அன்றைக்கு அவர்கள் எந்த மொழியில் பேசுவார்கள்? அவர்கள் யாரும் சிரிக்காத ஒரு பேச்சைப் பெறுவதற்கு இன்றைக்கு எந்தக் கதை இலாகா இருக்கிறது? எழுதுகிறவர்கள் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அடுக்குமொழியைக் கிண்டல் செய்துவிட்டுக் கடந்து போவது சுலபம். அது செய்த வேலையை வேறு எதைக்கொண்டு செய்யப்போகிறோம் என்று சொல்லாதவரை, அந்தக் கிண்டலுக்கு நம்மிடம் உரிமை இல்லை.